குதிரை இல்லாத தேர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, கையில் வேலை இல்லாதபோது படியுங்கள்.

1980-களின் கடைசியில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறார். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ராட்சச மீன் ஒன்று சாலையில் போகிறது. அதன் பின்னால் ஒரு டிராகன், அதன் பின்னால் ஒரு பெரிய காலணி. எல்லாவற்றுக்கும் உள்ளே மனிதர்கள் உட்கார்ந்து பெடல் மிதிக்கிறார்கள். என்ஜின் கிடையாது. மணல்மேட்டில் ஏறி இறங்கி, தண்ணீரில் மிதந்து, சேற்றில் புரண்டு, மூன்று நாள் ஓட வேண்டிய பந்தயமாம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "சார், இது மாதிரி கூத்து நம்ம ஊர்ல உண்டா?"

உண்டு என்று மட்டும் பதில் போட்டேன். எப்படி உண்டு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கதை. கலிபோர்னியாவின் வடக்கு ஓரத்தில் ஃபெர்ண்டேல் என்று ஒரு சின்ன ஊர். மாடு வளர்ப்பும் பாலும்தான் அந்த ஊருக்குப் பிழைப்பு. அங்கே ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி இருந்தார். 1969-ல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளை அழகுபடுத்தலாம் என்று உட்கார்ந்தவர், இரும்பை வைத்துப் பற்றவைத்துக்கொண்டே போய், கடைசியில் அது ஐந்து சக்கரத்தோடு ஆடி ஆடி நிற்கும் ஒரு விசித்திர வண்டியாகிவிட்டது. அதைப் பார்த்த ஜாக் மேஸ் என்ற இன்னொரு கலைஞர், "இதைவிட நல்லதாக நான் செய்கிறேன், பந்தயம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். செய்தி பரவி மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்னையர் தினத்தன்று ஊர்க் கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஓடின. பந்தயத்துக்குக் காரணமான பிரவுன் ஜெயிக்கவில்லை. புகை விட்டுக்கொண்டு, வழியில் முட்டையும் போட்டுக்கொண்டு போன ஓர் ஆமை வண்டிதான் ஜெயித்தது.

இன்றைக்கு அந்தப் பந்தயம் ஆர்க்காட்டா என்ற ஊரில் தொடங்கி ஃபெர்ண்டேலில் முடிகிறது. சுமார் 80 கிலோமீட்டர், மே மாதக் கடைசியில் மூன்று நாள். ஆர்க்காட்டா என்றதும் நம் ஆற்காடு என்று படித்துவிடாதீர்கள், நானும் ஒரு நிமிடம் சிரித்தேன். பரிசுகள்தான் வேடிக்கை. சரியாக நடுவில் வருகிறவருக்கு ஒரு பரிசு. கடைசிக்கு முந்தினவருக்கு ஒரு பரிசு. கிளம்பியதும் முதலில் உடைந்து நின்றுபோகிற வண்டிக்கும் ஒரு பரிசு. நடுவருக்கு லஞ்சம் கொடுக்கலாம் என்பதே விதி! பால்டிமோர் நகரத்திலும் 1999 முதல் ஓர் அருங்காட்சியகம் இதே மாதிரி நடத்துகிறது.

பிள்ளையின் மூன்று சக்கர வண்டியில் தொடங்கியது என்று படித்தபோது எனக்குப் பட்டினப்பாலை ஞாபகம் வந்தது. கரிகாலன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வரும். நெல் காயவைத்திருக்கிறார்கள். கோழி வந்து கொத்துகிறது. காவலுக்கு இருக்கிற பெண், கையில் கல் கிடைக்காமல், காதில் கிடந்த கனமான பொன் குழையைக் கழற்றிக் கோழி மேல் எறிகிறாள். பத்தாம் வகுப்பில் இதை நடத்தும்போது "பவுன் என்ன விலை சார் அப்போ?" என்று கேட்பீர்களே, அந்த இடம்தான். எறிந்த குழை முற்றத்தில் கிடக்கிறது. அங்கே விளையாடும் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். குழை சக்கரத்தில் தட்டி வண்டி நின்றுபோகிறது. ஊருக்கு எதிரி பயம் கிடையாது, இந்தத் தடை ஒன்றுதான் உண்டு என்று புலவர் முடிக்கிறார். வகுப்பில் நாம் எல்லோரும் பொன்னையே பார்த்தோம். நான் இப்போது பார்ப்பது அந்தத் தேரை. குதிரை இல்லாமல் ஓடும் தேர் என்று புலவரே சொல்கிறார். மூன்று சக்கரம், அழகு வேலை, இழுப்பது மனிதன். ஃபெர்ண்டேல் வண்டிக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த அண்ணன்.

அதே புலவர் நம் தொண்டை நாட்டுக்காரர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறார். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர்கள் பிள்ளைகள் ஆசைப்படும்படி செய்துகொடுத்த சிறுதேர் வருகிறது. ஏறிப் போக முடியாத தேர், உருட்டத்தான் முடியும். உருட்டி உருட்டிக் களைத்த குழந்தை, பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை வந்தபோது, ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமே சிறுதேர் உருட்டல்தான். வடமொழியில் மிருச்சகடிகம் என்ற நாடகத்துக்குப் பெயரே ஒரு மண் பொம்மை வண்டியால் வந்தது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் அதை மண்ணியற் சிறுதேர் என்று தமிழாக்கினார்.

இலக்கியம் வேண்டாம் என்றால், உங்கள் வீட்டுப் பரணில் பாருங்கள். நடைவண்டி இருக்கும். அதற்கும் மூன்று சக்கரம். நாம் எல்லோரும் முதன்முதலில் ஓட்டிய வண்டி அது.

அடுத்தது நுங்கு வண்டி. நம் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லாத காலம். நுங்கு தின்றுவிட்டு இரண்டு கூந்தலை எடுத்து, நடுவில் ஒரு குச்சியை அச்சாகச் செருகி, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுவீர்கள். எவனாவது அச்சு நுனியில் எருக்கம்பூ கட்டியிருப்பான். இன்னொருவன் தறியில் மிஞ்சிய பட்டு இழையைக் கொடி மாதிரி கட்டியிருப்பான். சரிகைத் துண்டு கட்டிவந்தவன் அன்றைக்கு ராஜா. பள்ளி விட்ட பிறகு தெருவில் நடக்கும் அந்தப் பந்தயத்தைச் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவீர்கள். ஓடுங்கடா என்றால் ஓடமாட்டீர்கள். தெற்கே ராமநாதபுரம் பக்கத்தில் இன்றைக்கும் திருவிழாக்களில் பனங்காய் வண்டிப் பந்தயம் பரிசு வைத்து நடத்துகிறார்கள். எனவே என் மாணவர் கேட்ட கேள்விக்கு நேர் பதில் அதுதான்.

ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது பெரிய தேரைப் பற்றி.

உலகத்தில் மனிதர்கள் கையால் இழுத்த கலை வண்டிகளில் நம் கோயில் தேருக்கு இணை குறைவு. கீழே அச்சு, சக்கரம். அதன் மேல் அடுக்கடுக்காக மரம். ஒவ்வொரு அடுக்கிலும் சிற்பம். இலுப்பை மரம் இதற்குப் பேர்போனது, வெயில் மழை இரண்டையும் தாங்கும். ஆண்டு முழுவதும் தேரடியில் மொட்டையாக நிற்பது இந்த மரப் பகுதி மட்டும்தான். திருவிழா வந்தால் அதன் மேல் மூங்கில் சாரம் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, தொம்பைகளைத் தொங்கவிட்டு, கலசம் வைத்தால் அது கோபுரமாகிவிடும். முன்னால் மரக்குதிரைகளைப் பூட்டுவார்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, கண்ணை உருட்டி, இதோ பாய்ந்துவிட்டேன் என்று நிற்கும். ஓர் அடி இழுக்காது. இழுப்பது முழுக்க வடத்தைப் பிடித்த மனிதர்கள். தேர் சிற்பிகளுக்கும் நகைச்சுவை உண்டு என்று நான் நினைப்பது இந்தக் குதிரைகளைப் பார்த்துத்தான்.

கல்லிலும் தேர் செய்து பார்த்தார்கள். மாமல்லபுரத்தில் ரதம் என்கிறோம், அவற்றுக்குச் சக்கரமே இல்லை. கும்பகோணம் பக்கம் தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் காலத்து மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் உண்டு. கோனார்க்கில் 13-ஆம் நூற்றாண்டில் கோயிலையே தேராக்கினார்கள். ஹம்பியில் ஒரு கல் தேர், 50 ரூபாய் நோட்டில் இருப்பது. எல்லாம் அழகு. ஆனால் கல் தேரை யாரும் இழுக்க வேண்டியதில்லை என்பதால், யார் இழுப்பது என்ற கேள்வியும் அங்கே இல்லை. மரத்தேருக்குத்தான் அந்தக் கேள்வி.

பூரி ஜகந்நாதர் தேரைப் பார்த்துவிட்டுப் போன ஐரோப்பியர்கள், எதையும் நசுக்கிக்கொண்டு போகும் ராட்சச சக்திக்கு 'ஜக்கர்நாட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். தேரின் அடியில் விழுந்தவர்களைப் பார்த்தார்கள். தேரை நிறுத்துகிறவர்களைப் பார்க்கவில்லை.

தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை. இதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இவ்வளவு அநியாயமாகப் பெயர் கெட்டுப்போன சொல் வேறில்லை. 'முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை' என்று மேடையில் பேசுகிறார்கள், பேப்பரில் எழுதுகிறார்கள். தேரில் முட்டுக்கட்டைதான் பிரேக், அதுவேதான் ஸ்டியரிங். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடந்துவரும் ஆட்கள் கையில் அது இருக்கும். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த கட்டை, பிடிப்பதற்கு நீளக் காம்பு. தேர் நிற்க வேண்டுமா, இரண்டு பக்கமும் சக்கரத்தின் முன்னால் போடுவார்கள். திரும்ப வேண்டுமா, திரும்பும் பக்கத்துச் சக்கரத்தின் கீழே சாய்வாகக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும், எதிர்ப்பக்கச் சக்கரம் முன்னேறும், தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். கை ஒரு சாண் தவறினால் விரல் போகும், சில சமயம் ஆளே போவார். வடம் பிடிப்பவன் சாமியைப் பார்க்கலாம், கூட்டத்தைப் பார்க்கலாம். முட்டுக்கட்டைக்காரன் சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பான். அவன் கையை விட்டால் அத்தனை டன்னும் கூட்டத்துக்குள்.

நின்றுபோன தேரை அசைக்கப் பின்னால் நீண்ட மரங்களை நெம்புகோலாகக் கொடுத்து, மேலே ஆட்கள் ஏறி நின்று ஒரே சமயத்தில் மிதிப்பார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்த நெம்புகோல் தத்துவத்தைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சில ஊரில் யானை பின்னால் நின்று நெற்றியால் தள்ளும்.

பெரிய தேர் என்றால் திருவாரூர் ஆழித்தேர். 7-ஆம் நூற்றாண்டில் அப்பரே ஆழித்தேரைச் சொல்லியிருக்கிறார். அலங்கரித்து நின்றால் 96 அடி உயரம், எடை ஏறக்குறைய 300 டன். 1920-களில் பழைய தேர் எரிந்துபோய், புதிதாகச் செய்தார்கள். 1948-க்குப் பிறகு அது ஓடாமல் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் தேரடியில் நின்ற நிலை. 1970-ல் கலைஞர் முதல்வராக இருந்தபோது மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது. கடவுள் மறுப்புப் பேசிய கட்சியின் ஆட்சியில் தேர் ஓடியதே என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இப்படித்தான். சுமார் நூறு ஆண்டு தேரே இல்லாமல் இருந்து, 2015 ஏப்ரலில்தான் புதுத் தேர் வீதிக்கு வந்தது.

தேர்கள் ஏன் நின்றுபோகின்றன? மரம் உளுத்தது, பணம் இல்லை, மின்கம்பி குறுக்கே வந்தது என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். மின்கம்பி சாதாரண விஷயமும் அல்ல. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. ஆனால் சொல்லாத காரணம் ஒன்று பல ஊர்களில் இருக்கிறது. வடத்தை யார் பிடிப்பது என்பது.

வரலாற்று ஆசிரியனாக நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் இடம் இதுதான். பாடப்புத்தகத்தில் இது வராது.

கம்பெனி ஆட்சியின்போது கோயில் நிர்வாகம் கலெக்டர்கள் கையில் இருந்தது. தேர்த் திருவிழா ஒழுங்காக நடக்க வேண்டியது அரசாங்கப் பொறுப்பு. அவ்வளவு பெரிய தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். தானாக வந்த கூட்டம் போதாதபோது, தாசில்தாரின் சேவகர்கள் சுற்றுக் கிராமங்களுக்குப் போய் உழுதுகொண்டிருந்தவனை, களை எடுத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்துவந்து வடத்தில் நிறுத்தினார்கள். பிரம்படியும் உண்டு. 1830-களில் கிறித்தவப் பாதிரிமார்களும், கம்பெனி உத்தியோகஸ்தர்களிலேயே சிலரும் இதை எதிர்த்து மனு மேல் மனு போட்டார்கள். அவர்களுக்கு அவர்களுடைய நோக்கம், கிறித்தவ அரசாங்கம் இந்துக் கோயில் விழாவை நடத்தலாமா என்பது அவர்கள் கவலை. சென்னை ராணுவத் தலைமைத் தளபதி பெரிகிரின் மெயிட்லண்ட், கோயில் விழாக்களுக்கு ராணுவ மரியாதை தர வேண்டியிருப்பதை ஏற்காமல் பதவியையே விட்டார். கடைசியில் கம்பெனி கோயில் விவகாரத்திலிருந்து மெல்ல மெல்லக் கையை எடுத்துக்கொண்டது. கட்டாய வடம் பிடித்தலும் போனது.

அதாவது, இழுக்க மாட்டேன் என்றவனை அடித்து இழுக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. அதே நாட்டில், நானும் இழுக்கிறேன் என்று வந்தவனைத் தொடாதே என்று தடுத்த காலமும் இருந்தது. இரண்டாவது காலம் இன்னும் முழுசாக முடியவில்லை.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நான்கு நாட்டார்களுக்கு நான்கு வடம். ஒடுக்கப்பட்ட மக்கள் எங்களுக்கும் வடம் பிடிக்க உரிமை உண்டு என்று கேட்டார்கள். 1990-களின் கடைசியில் அது பெரிய சிக்கலாகி, வழக்காகி, தேர் நிற்பதும் ஓடுவதுமாக இருந்து, பிறகு பல ஆண்டுகள் ஓடவே இல்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெரும் போலீஸ் காவலோடு 2024 ஜூனில் ஓடியது. ஒரு தேரை ஓட்ட எத்தனை ஆண்டு வழக்கு, எத்தனை போலீஸ்!

இலங்கையில் இன்னொரு மாதிரி. 2018 ஜூனில் யாழ்ப்பாணம் வரணியில் ஒரு கண்ணகி அம்மன் கோயில் தேரை ஜேசிபி வைத்து இழுத்த படம் வெளியாகிப் பரபரப்பானது. சாதியில் தாழ்த்தப்பட்டவர்கள் வடத்தைத் தொட்டுவிடக் கூடாது என்றுதான் இயந்திரம் கொண்டுவந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்குதிரைக்குப் பதில் மஞ்சள் குதிரை. மனிதக் கையை விட டீசல் சுத்தமானது என்று ஒருவர் நினைத்துவிட்டால், அந்தத் தேரில் எஞ்சியிருப்பது என்ன?

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். அதே யாழ்ப்பாணத்தில் இருந்து போரால் துரத்தப்பட்டுப் போனவர்கள் ஜெர்மனியில் ஹம் என்ற நகரத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில் 2002-ல் காமாட்சி அம்மன் கோயில் கட்டினார்கள். அங்கே தேர் இழுக்கிறார்கள். கூட்டத்தில் ஜெர்மன்காரர்களும் வருகிறார்கள். புறப்பட்ட ஊரின் தேர் கண்ணில் படாத தூரத்திலிருந்து ஒரு வடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்று பழமொழி சொல்வோம். நானே வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நம் கிராமங்களில் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஊர் கூடும், தேர் ஓடும், சேரி தள்ளி நின்று பார்க்கும். பழமொழி பொய் சொல்லவில்லை, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்றைக்கு அங்கே நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. சின்னத் தேர்தான், இருபது அடி இருக்கும். நான்கு தெரு சுற்றி வரும். நான்காவது தெரு திரும்பும் இடத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருந்தான். ஏழாவது படித்தான். தேர் அவன் நின்ற இடத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பிப் போய்விட்டது. அவன் வீடு நேரே போனால் வரும்.

மறுநாள் வகுப்பில் எழுந்து கேட்டான்: "சார், தேர் எங்க தெருவுக்கு ஏன் சார் வரமாட்டேங்குது?"

அவன் சொல்லி முடிக்கும் முன்னே முதல் பெஞ்சிலிருந்து ஒருவன், "அந்தத் தெருவு சின்னது சார், தேர் திரும்பாது" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

கேட்டவன் உட்காரவில்லை. "முட்டுக்கட்டை போட்டா திரும்புமே சார்" என்றான்.

அன்று பானிபட் போர் நடத்த வேண்டிய நாள். கரும்பலகையில் தேர்ச் சக்கரம் வரைந்து, முட்டுக்கட்டை எப்படி வேலை செய்கிறது என்று நடத்தினேன். எந்தத் தெரு எவ்வளவு அகலம் என்று பையன்களையே காலடி வைத்து அளந்துவரச் சொன்னேன். மறுநாள் அளந்துவந்தார்கள். தேர் போகும் மூன்றாவது தெருவைவிட அவன் தெரு இரண்டடி அகலம். எண்ணைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. முதல் பெஞ்ச் பையன் இரண்டு எண்ணையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த இரண்டு பேருமே இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். கேட்டவர் இப்போது நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர்.

2024 ஆனி மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. திருநெல்வேலி நெல்லையப்பர் தேர், இயந்திரம் இல்லாமல் மனித பலத்தாலேயே இழுக்கும் பெரிய தேர் என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. அந்த ஆண்டு வடம் அறுந்தது. மாற்றிக் கட்டினார்கள், மறுபடி அறுந்தது. சங்கிலி கட்டினார்கள். ஜனம் கலைந்து போகவில்லை. ராத்திரியானாலும் இழுத்தே நிலை சேர்த்தார்கள். அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரம்மா, "புல்டோசர் வெச்சுத் தள்ளினா அரை மணி நேரத்து வேலை" என்றார். உண்மைதான். பல ஊரில் இப்போது பின்னால் புல்டோசர்தான் தள்ளுகிறது, முன்னால் ஜனம் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு கூடவே நடக்கிறது. பாதுகாப்பு என்கிறார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஹைட்ராலிக் பிரேக் வந்து எத்தனையோ முட்டுக்கட்டைக்காரர்களின் கை தப்பியது. பிரேக்குக்கு இயந்திரம் வரட்டும், இழுப்பதற்கு வேண்டாம் என்பது என் கட்சி. நாம் தறி ஊர்க்காரர்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலால் மிதித்து, கையால் நாடா ஓட்டி நெய்த சேலையில் நெய்தவரின் ஒரு நாள் இருக்கும். ஜக்கார்டு பெட்டி வந்து பூ வேலையைச் சுலபமாக்கியது, மிதிப்பது அப்போதும் மனிதக் கால்தான்.

இனி, வெளியூரில் இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியது திருவண்ணாமலைத் தேரோட்டம். நமக்குச் சேத்துப்பட்டு வழியாகப் போனால் பக்கம்தான். கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாள், ஏழாம் நாள் தேர். தீபத்துக்குக் கூட்டம் போகிற அளவுக்கு நம் ஆட்கள் தேருக்குப் போவதில்லை. எனக்குத் தேர்தான் பெரிசு. நான் முதலில் போனது அப்பாவின் தோளில். பிறகு நண்பர்களோடு, பிறகு என் பிள்ளைகளோடு. 2020, 2021 இரண்டு வருஷம் கொரோனாவால் தேரே ஓடவில்லை. ஏழாம் நாளன்று வீட்டில் இருப்பு கொள்ளவில்லை.

ஐந்து தேர். ஒன்று நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். விடிந்ததும் முதலில் விநாயகர் தேர், பிறகு முருகர் தேர். இரண்டும் சுறுசுறுப்பாக ஓடிவிடும். மூன்றாவது, உண்ணாமுலை அம்மனோடு அண்ணாமலையார் வரும் மகா ரதம். அது கிளம்பும்போது தேரடித் தெருவில் நிற்கவேண்டும். வடம் தரையில் மலைப்பாம்பு மாதிரி கிடக்கும். ஒரு பக்க வடம் பெண்களுக்கு, மறுபக்க வடம் ஆண்களுக்கு. கொடி அசைந்ததும் எல்லோரும் குனிந்து எடுப்பார்கள். முதல் இழுப்பில் தேர் அசையாது. இரண்டாவதில் மரம் முனகும். மூன்றாவதில் மேலே தொம்பைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஆடும், அப்போதுதான் சக்கரம் நகர்ந்தது நமக்குத் தெரியும். அந்த முனகலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. 2024 நவம்பரில் மகா ரதத்தைப் பழுதுபார்த்து வெள்ளோட்டம் விட்டார்கள். முனகல் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். குறையவில்லை.

பெரிய தெரு, திருவூடல் தெரு, பேகோபுரத் தெரு என்று சுற்றி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வடத்தைப் பிடிக்கும்போது முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று தெரியாது. ஒரு தடவை என் முன்னால் பிடித்தவர் ஆந்திராவிலிருந்து வந்தவர், பின்னால் பிடித்தவர் வேட்டவலம் பக்கத்து விவசாயி. ஒருவர் தெலுங்கில் எனக்கு உத்தரவு போட்டார், இன்னொருவர் தமிழில் திட்டினார். நான் நடுவில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது பராசக்தி அம்மன் தேர். இதைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். ஆண்கள் ஓரமாக நின்று பார்க்கவேண்டியதுதான். நம் ஊர்ப் பெண்கள் பஸ் ஏறிப் போய் அதற்காகவே காத்திருப்பார்கள். என் தங்கை கல்யாணமான வருஷத்திலிருந்து போகிறாள். வடம் பிடித்த உள்ளங்கை சிவந்திருப்பதை ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் காட்டுவாள்.

ஐந்தாவது சண்டிகேஸ்வரர் தேர். இது பிள்ளைகள் தேர், சிறுவர் சிறுமிகள்தான் இழுக்கவேண்டும். எந்தத் தெருப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே கேட்பவர் கிடையாது, கை எட்டினால் போதும். ஆனால் கடைசித் தேர் என்பதால் இது கிளம்ப ராத்திரி வெகு நேரமாகிவிடும். கூட்டிப் போகிறவர்கள் பிள்ளைகளை மதியமே நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள். குல்லாவும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், கார்த்திகைப் பனி பொல்லாதது. செருப்பைத் தேரடியில் விடாதீர்கள், திரும்பக் கிடைக்காது.